மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்

சில ஆண்டுகளுக்கு முன், கீல் உடைந்த மடிக்கணினி ஒன்றை ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். முகப்பில் இருந்த இளைஞர் என் பெயரையும் கைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டு, "பாஸ்வேர்டு சொல்லுங்க சார்" என்றார்; நானும் சொன்னேன். நான்கு நாள் கழித்துத் திரும்ப வாங்கப் போனபோது, கணினியின் மேல்மூடியில் வெள்ளைக் காகித டேப் ஒட்டி, அதில் நீல மார்க்கரால் என் பெயரும் எண்ணும், அவற்றுக்குக் கீழே கடவுச்சொல்லும் எழுதப்பட்டிருந்தன. அதே அலமாரியில் இருபது கணினிகளாவது இருந்திருக்கும். எல்லாவற்றின் நெற்றியிலும் அதே டேப். கீலை மாற்றுவதற்குத் திருகாணிகளைக் கழற்றத் தெரிந்தால் போதும். அதற்குக் கடவுச்சொல் எதற்கு என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. வேலை முடிந்ததும் ஒருமுறை இயக்கிப் பார்க்க வசதியாக இருக்கும் என்பதுதான் காரணம். ஆனால் கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்ளே நடப்பதையெல்லாம் பதிவுசெய்யும்படி அமைத்த மடிக்கணினிகளை 16 பழுதுபார்ப்பு நிலையங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, 6 இடங்களில் தொழில்நுட்பர்கள் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். அவற்றுள் 2 இடங்களில் கோப்புகள் நகலெடுக்கப்பட்டிருந்தன. கொடுத்த பழுதோ ஒலி வரவில்லை என்ற சிறு கோளாறுதான். அதற்கு முன்பே, 2008இல், ஹாங்காங் நடிகர் எடிசன் சென் பழுதுபார்க்கக் கொடுத்த கணினியிலிருந்து அந்தரங்கப் படங்கள் வெளியேறி ஆசியா முழுவதும் பரவின. நகலெடுத்த தொழில்நுட்பருக்கு மறு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. தண்டனை கிடைத்தது என்பதற்காகப் படங்கள் திரும்பி வந்துவிடவில்லை.

உள்ளே இருப்பது யாருடையது

வீட்டுக் கணினியில் இருப்பது பெரும்பாலும் நம் குடும்பத்துப் படங்கள், நம் வங்கிக் கணக்கு, நம் மதிப்பெண் சான்றிதழ்கள். அதில் அலட்சியமாக இருந்தால் நட்டம் நம்மோடு போகும். நான் வேலை செய்வது ஆடிட்டர் அலுவலகத்தில். அங்குள்ள கணினி எதைத் திறந்தாலும் வாடிக்கையாளர்களின் பான் அட்டை, ஆதார் நகல், வங்கி அறிக்கை, சம்பளப் பட்டியல், வருமான வரித் தளத்தின் கடவுச்சொற்களை வரிசையாக எழுதிவைத்த எக்செல் கோப்பு ஆகியவைதாம் இருக்கும். அந்த எக்செல் இல்லாத ஆடிட்டர் அலுவலகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட கணினியைக் கடையில் வைத்துவிட்டு வருவது, நூறு பேர் நம்பிக் கொடுத்த பொருளை அவர்களைக் கேட்காமல் இன்னொருவர் கையில் கொடுப்பதாகும்.

சட்டமும் இதை அப்படித்தான் பார்க்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஏ பிரிவு, கடவுச்சொல், நிதி விவரம், மருத்துவ விவரம், உடற்கூற்று அடையாளம் போன்ற முக்கியத் தகவல்களை வைத்திருக்கும் நிறுவனம் நியாயமான பாதுகாப்பு நடைமுறைகளைக் கடைப்பிடிக்கத் தவறி, அதனால் ஒருவருக்கு நட்டம் நேர்ந்தால், இழப்பீடு தர வேண்டும் என்கிறது. நிறுவனம் என்றதும் பெரிய கம்பெனி என்று எண்ணிவிட வேண்டாம். தொழில் நோக்கில் இயங்கும் கூட்டு வணிகமும், ஒருவரே உரிமையாளராக நடத்தும் கடையும் அந்தச் சொல்லுக்குள் வரும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. இந்தப் பிரிவின் இடத்துக்கு வருவது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அந்த அறிவிக்கையிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதன் 8ஆவது பிரிவின்படி, பிறரது தகவலைத் தன் தேவைக்காகக் கையாள்பவர்தான் அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பு. தன் சார்பில் வேறொருவர் கையாண்டாலும் பொறுப்பு நகராது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். பழுதுபார்க்கும் கடைக்காரர் நம் சார்பில் தகவலைக் கையாள்பவரா என்பது வாதத்துக்குரியது. ஆனால் "கடைக்காரர்தான் கசியவிட்டார்" என்று கூறி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் தகவல் வைத்திருக்கும் தனிமனிதருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

தொழிலுக்கே உரிய இரகசியக் கடமைகள் இதற்கு மேல் தனியாக இருக்கின்றன. பட்டயக் கணக்காளர் சட்டம் 1949இன் இரண்டாம் அட்டவணை, வாடிக்கையாளரின் இசைவின்றி அவரது விவரத்தைப் பிறருக்கு வெளியிடுவதைத் தொழில்முறைத் தவறாக வகுத்திருக்கிறது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தகவல் தொடர்பைப் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023இன் 132ஆவது பிரிவு பாதுகாக்கிறது. வழக்கறிஞரின் எழுத்தருக்கும் ஊழியருக்கும் அந்தக் கடமை நீள்கிறது. கணினி பழுதுபார்ப்பவர் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர். மருத்துவர்களுக்கும் நோயாளியின் இரகசியம் காக்கும் விதி உண்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஸ்கேன் படங்கள் நிறைந்த கிளினிக் கணினியைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பும்போது அது எத்தனை பேர் நினைவுக்கு வருகிறது என்று தெரியவில்லை.

கடைக்குப் போகும் முன்

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்தப் பழுதுக்கு நம் கோப்புகள் இருக்கும் சேமிப்பகம் தேவையா என்பது. திரை, கீல், விசைப்பலகை, பேட்டரி, சார்ஜர் துளை, விசிறி, மதர்போர்டு ஆகிய எதற்கும் தேவையில்லை. கடைக்காரர் தம் பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். நல்ல கடைகளில் அதற்கென்றே ஒரு பென் டிரைவும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி துண்டில் பழையது ஒன்றும் மேசையில் கிடக்கும். விண்டோஸ் தடுமாறுகிறது, வைரஸ் புகுந்துவிட்டது, அழிந்த கோப்புகளை மீட்க வேண்டும் என்பன போன்ற வேலைகளுக்குத்தான் சேமிப்பகம் அவர்கள் கையில் இருந்தாக வேண்டும்.

தேவையில்லாத பழுதென்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுவதைவிடப் பாதுகாப்பான வழி வேறில்லை. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது எம்.2 வகை எஸ்எஸ்டி. 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, சூயிங்கம் பட்டை போன்ற ஒரு துண்டு. கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றுங்கள். ரப்பர் கால்களுக்கு அடியில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பை விலக்கிவிட வேண்டும். எஸ்எஸ்டியை ஒரே ஒரு சிறு திருகாணிதான் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றியதும் துண்டு தானாகச் சாய்வாக மேலெழும். அப்படியே பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். கழற்றிய திருகாணியை எஸ்எஸ்டியோடு சேர்த்து ஒரு உறையில் போட்டு வையுங்கள். அது தொலைந்தால் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும், நான் அலைந்திருக்கிறேன். ஆப்பிளின் இன்றைய மேக்புக்குகளிலும் மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றிலும் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால் இந்த வழி அங்கே செல்லாது. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கணினியென்றால், நாமே திறப்பதால் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்று நிறுவனத்தைக் கேட்டுவிட்டு, தேவையானால் அவர்கள் ஆளைக் கொண்டே நம் கண்முன் கழற்றச் சொல்ல வேண்டும்.

கழற்ற முடியாத இடத்தில் நம்மைக் காப்பது, சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி கோப்புகளை மாற்றிவைக்கும் குறியாக்கம். விண்டோஸின் கடவுச்சொல்லும் குறியாக்கமும் ஒன்றல்ல. குறியாக்கம் இல்லாத எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் செருகினால், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் எல்லாக் கோப்புகளும் விரிந்துவிடும். புரோ பதிப்பில் பிட்லாக்கர், ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன், மேக்கில் ஃபைல்வால்ட் என்ற பெயர்களில் இந்த வசதி இருக்கும். அது இயங்குகிறதா என்று பார்க்கும்போதே பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். மதர்போர்டு மாற்றப்பட்டால் மறுமுறை இயக்கும்போது கணினி அந்தச் சாவியைக் கேட்கும். அது இல்லாவிட்டால் சொந்தக் கோப்புகளை நாமே திறக்க முடியாத நிலை வந்துவிடும். சாவியைக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டியதில்லை. திரும்ப வாங்கும்போது கடையில் நின்று நாமே தட்டச்சு செய்துகொள்ளலாம்.

பேக்கப் எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அலுவலகக் கணினிக்கு அதில் சட்டக் கோணமும் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆவது பிரிவு, கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013இன்படி கம்பெனிகள் 8 நிதியாண்டுகளின் கணக்கேடுகளை வைத்திருக்க வேண்டும். "சர்வீஸுக்குக் கொடுத்தேன், ஃபார்மேட் அடித்துவிட்டார்கள்" என்பது அதிகாரியின் முன் செல்லுபடியாகும் பதிலன்று. டேலி கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையைத் தனியாக நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்தும் பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

இன்னோர் எச்சரிக்கை. வழக்கோ விசாரணையோ நிலுவையில் இருந்து, அதற்குரிய ஆவணங்கள் கணினியில் இருந்தால், தனியுரிமையைக் காக்கிறேன் என்று எதையும் அழிக்கக் கூடாது. சான்றாகத் தாக்கல் செய்ய வேண்டிய மின்னணுப் பதிவை அது கிடைக்காதபடி அழிப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆவது பிரிவின்படி குற்றம். அப்படிப்பட்ட கணினியை வழக்கறிஞரைக் கேட்காமல் கடைக்கே அனுப்ப வேண்டாம்.

அலுவலகத்தில் மறக்கப்படும் பொருள் ஒன்று இருக்கிறது: யுஎஸ்பி துளையில் செருகியபடியே கிடக்கும் டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் உள்ள சிறு கருவி. டிஜிட்டல் கையொப்பத்தின் இரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க நியாயமான கவனம் எடுப்பது கையொப்பதாரரின் கடமை என்றும், அது கைமாறிவிட்டால் சான்றிதழ் வழங்கிய அமைப்புக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்றும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆவது பிரிவு சொல்கிறது. டோக்கனோடு கணினியைக் கொடுப்பது, கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டு வருவது போன்றது. அதிலும் பல அலுவலகங்களில் அந்தக் கையொப்பம் வாடிக்கையாளருடையது.

கடவுச்சொல் கேட்டால்

கணினி இயங்கும் நிலையில்தான் வேலை நடக்க வேண்டும் என்றால், நம் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் "சர்வீஸ்" என்ற பெயரில் புதிய பயனர் கணக்கொன்றை உருவாக்கிக் கொடுங்கள். அதை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக வைப்பது முக்கியம். நிர்வாகி உரிமை உள்ளவர் பிற கணக்குகளின் கோப்புறைகளையும் தம் வசமாக்கிக்கொள்ள முடியும். ஒலி, வைஃபை, விசைப்பலகை, கேமரா ஆகியவற்றைச் சோதிக்கச் சாதாரணக் கணக்கு போதும். டிரைவர் மென்பொருளை நிறுவ நிர்வாகி கடவுச்சொல் வேண்டுமென்றால், அந்த நேரத்தில் நாமே போய் அடித்துவிட்டு வரலாம். சாம்சங் கைபேசிகள் பலவற்றில் சொந்தத் தகவலை மறைத்துவிட்டுச் சர்வீஸுக்குக் கொடுக்க "மெயின்டனன்ஸ் மோடு" என்றொரு வசதி வந்திருக்கிறது. விண்டோஸ் மடிக்கணினியில் அப்படியொன்று இல்லாததால் இந்த வேலியை நாமே போட வேண்டியிருக்கிறது.

நம் கடவுச்சொல்லையே கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை வீட்டில் செய்து பாருங்கள். குரோமின் அமைப்புகளில் கடவுச்சொல் பகுதியைத் திறந்து, ஏதேனும் ஒரு தளத்தின் பக்கத்தில் உள்ள கண் குறியைத் தட்டினால், அது விண்டோஸ் கடவுச்சொல்லையோ பின் எண்ணையோதான் கேட்கும். அதைச் சொன்னதும் வங்கி முதல் மின்வாரியம் வரை சேமித்த அனைத்தும் எழுத்து எழுத்தாகத் தெரியும். ஆகவே வேறு வழியின்றிக் கொடுக்க நேர்ந்தால், அதற்கு முன் பிரவுசரிலிருந்து வெளியேறி, உள்ளூரில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கி, கைபேசியில் வாட்ஸ்அப்பின் "லிங்க்டு டிவைசஸ்" பகுதிக்குச் சென்று அந்தக் கணினியை வெளியேற்றி, விண்டோஸ் கடவுச்சொல்லையும் தற்காலிகமாக வேறொன்றாக மாற்றிவிடுங்கள். கணினியே இயங்கவில்லையென்றால், கூகுள் கணக்கின் சாதனங்கள் பட்டியலிலிருந்து அதைக் கைபேசி வழியே வெளியேற்றலாம்.

கோப்பு மீட்பு வேலை மட்டும் இந்த எல்லா வேலிகளையும் தாண்டியது. வட்டை முழுவதும் படிக்காமல் மீட்க முடியாது என்பதால், இங்கே ஆளையும் எழுத்தையும்தான் நம்ப வேண்டும். எந்தக் கோப்புறை வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்து, மீட்ட நகலை ஒப்படைத்த ஏழு நாளில் தங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுவதாக எழுதி வாங்குங்கள். விலை குறைவு என்று இந்த வேலைக்குக் கடை தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜாப் ஷீட் என்னும் ஒப்பந்தம்

கடையில் தரும் அந்த மஞ்சள் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் கண்ணில் பழுதுபார்க்கக் கொடுப்பது ஒரு ஒப்படைப்பு. சீட்டு அதன் ஆவணம். பொருளைப் பெற்றவர், சாதாரண விவேகமுள்ள மனிதர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும் என்கிறது 151ஆவது பிரிவு. ஒப்படைத்த நோக்கத்துக்கு மாறாக அதைப் பயன்படுத்தி நட்டம் வந்தால் ஈடு செய்ய வேண்டும் என்கிறது 154. நமக்கும் கடமை உண்டு: பேட்டரி உப்பியிருப்பது, தண்ணீர் கொட்டியது போன்ற தெரிந்த குறைகளை மறைக்கக் கூடாது. மறைத்து, அதனால் கடைக்காரருக்குத் தீக்காயம் நேர்ந்தால் 150ஆவது பிரிவின்படி பொறுப்பு நம்முடையது. செய்த வேலைக்குக் கூலி தரும்வரை பொருளைத் தராமல் வைத்துக்கொள்ளும் உரிமையும் 170ஆவது பிரிவின்படி கடைக்காரருக்கு இருக்கிறது. கூலித் தகராறை அங்கேயே நின்று உரக்கப் பேசித் தீர்க்க முயல்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் "டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருப்பார்கள். பழுதுபார்க்கும்போது வட்டு செயலிழந்து கோப்புகள் போய்விட்டால் என்ற அச்சத்தில் எழுதப்பட்ட வரி அது. அந்த அளவில் நியாயமும் இருக்கிறது. அந்த வரி கோப்புகளைத் திறந்து பார்ப்பதற்கோ நகலெடுப்பதற்கோ நாம் தந்த உரிமம் ஆகாது. இந்த வேறுபாட்டைப் பின்னால் வாதிட்டுக்கொண்டிருப்பதைவிட, கொடுக்கும்போதே சீட்டில் கையால் நான்கு வரி எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது எளிது. நான் எழுதுவது இது:

"விசைப்பலகை மாற்றுவதற்காக மட்டும் ஒப்படைக்கப்படுகிறது. எஸ்எஸ்டி கழற்றப்பட்டு உரிமையாளரிடம் உள்ளது. சேமிப்பகம் உள்ள வேலையாயின், கோப்புகளைத் திறக்கவோ நகலெடுக்கவோ ஃபார்மேட் செய்யவோ கூடாது. உரிமையாளரைக் கேட்காமல் வேறு இடத்துக்கு அனுப்பக் கூடாது."

கடைசி வரி ஏன் என்றால், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் முகப்புக் கடையில் வாங்கும் மதர்போர்டை "சிப் லெவல்" வேலைக்கு வேறு கடைக்கு அனுப்புவது அன்றாட வழக்கம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நம் பொருள் இப்போது யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நான்கு வரிகளுக்கு முகம் சுளித்த கடைக்காரர்கள் இருவரைப் பார்த்திருக்கிறேன். இருவரிடமும் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். கணினியின் வரிசை எண்ணையும் ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றின் அளவையும் அதே சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பில் கேளுங்கள். செய்த சேவைக்கு ரசீது தராதிருப்பதும், வாடிக்கையாளர் நம்பிக்கையோடு தந்த சொந்த விவரத்தைப் பிறருக்கு வெளியிடுவதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நேர்மையற்ற வணிக முறைகள்.

பழுதுபார்ப்பவருக்கு

இதைப் படிப்பவர்களில் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களும் இருப்பார்கள். பொறுப்பிலுள்ளவரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதும் தரவை நகலெடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவில் இழப்பீட்டுக்கு உரியவை. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ 5 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஒப்பந்தப்படி சேவை செய்யும்போது கைக்கு வந்த சொந்த விவரத்தை, பிறருக்கு நட்டம் வரும் என்று அறிந்தும் வெளியிடுபவருக்கு 72ஏ பிரிவு. அதிலும் மூன்றாண்டு வரை சிறை. ஒருவரது உடலின் அந்தரங்கப் படத்தை அவர் இசைவின்றிப் பரப்பினால் 66இ (66E) பிரிவு. பழுதுபார்க்கத் தந்த அனுமதி படத்தொகுப்பைத் திறப்பதற்கான அனுமதி ஆகாது என்பதை மனத்தில் வைத்தால் இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வேலையின் போக்கில் குழந்தைகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கும் படமோ காணொளியோ கண்ணில் பட்டுவிட்டால், இரகசியம் காப்பது அங்கே கடமையாகாது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்று போக்சோ சட்டம் 2012இன் 19ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. தெரிவிக்கத் தவறினால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. சென்னையில் பதிவான ஒரு வழக்கில், இத்தகைய படங்களைத் தனிமையில் பதிவிறக்கிப் பார்ப்பது குற்றமாகாது என்ற உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை, 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததை நினைவில் கொள்ளுங்கள். சான்றுக்காக என்று அதைப் பென் டிரைவில் நகலெடுக்கவோ நண்பருக்கு அனுப்பவோ வேண்டாம். அப்படி வைத்திருப்பதும் அனுப்புவதும் உங்களையே சிக்கலில் மாட்டிவிடும். கணினியை அணைத்து, தனியே வைத்து, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அதற்காகப் பிறர் கோப்புகளைத் துழாவித் தேடும் உரிமை எவருக்கும் வந்துவிடவில்லை.

திரும்ப வாங்கும்போது

கடையிலேயே இயக்கிப் பாருங்கள். வரிசை எண்ணும் ரேம் அளவும் சீட்டில் உள்ளபடி இருக்கின்றனவா, தெரியாத மென்பொருள் ஏதேனும் நிறுவப்பட்டிருக்கிறதா, குறிப்பாக எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் செயலிகள் தானாகத் தொடங்கும்படி விடப்பட்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். "சர்வீஸ்" கணக்கை நீக்கி, கடவுச்சொல்லை மாற்றுங்கள். சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியல் காலியாக இருப்பது நல்ல அறிகுறி என்று எண்ண வேண்டாம். குவெல்ஃப் ஆய்வில் தடயத்தை மறைக்கச் சிலர் துடைத்தது அதைத்தான்.

பழைய வட்டை மாற்றியிருந்தால் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இயங்காத வட்டு என்று விட்டுவிட்டு வருவதுதான் நான் பார்த்தவற்றிலேயே பெரிய அசட்டை. நமக்குத்தான் அது இயங்காதது, மீட்கத் தெரிந்தவருக்கு அல்ல. உத்தரவாதத்தில் மாற்றும்போது நிறுவனங்கள் பழைய வட்டைத் திரும்பக் கேட்கும். டெல், எச்பி போன்றவை பழைய வட்டை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளும் திட்டத்தை அலுவலகங்களுக்குக் கூடுதல் கட்டணத்தில் தருகின்றன. கணினி வாங்கும்போதே அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது. எஸ்எஸ்டியில் கோப்புகளின் மேல் வேறு தரவை எழுதி அழிக்கும் பழைய உத்தி முழுதாகப் பலிக்காது, ஏனெனில் எந்தச் செல்லில் எழுதுவது என்பதை அதன் கட்டுப்படுத்தியே மாற்றி மாற்றித் தீர்மானிக்கிறது. முதல் நாளிலிருந்தே குறியாக்கம் செய்யப்பட்ட வட்டில் இந்தத் தலைவலி இல்லை.

கசிந்துவிட்டது என்று தெரிந்தால் முதலில் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். புகாரைத் தேசிய சைபர் குற்றத் தளத்திலோ சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ பதிவு செய்யலாம். இழப்பீடு கோர இரண்டு வழிகள் இருக்கின்றன. சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. 43ஆவது பிரிவின்கீழ் 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கையை மாநிலத்தின் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம், அதாவது தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் கொண்டுபோகலாம். இந்த இரண்டாவது வாயில் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் 2010இலேயே, இணைய வங்கி மோசடியில் பணம் இழந்த ஒருவருக்கு வங்கி இழப்பீடு தர வேண்டும் என்று அந்த அதிகாரி உத்தரவிட்டிருக்கிறார்.

நிறுவனங்களுக்கு இன்னொரு கெடு இருக்கிறது. தரவு கசிந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28ஆம் நாள் ஆணை. புதிய தரவுச் சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வந்ததும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒவ்வொரு கணினியிலும் யாருடைய கோப்புகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். கணினி கடைக்குப் போகும் நாளில் அதன் ஒரு பிரதியும் ஜாப் ஷீட்டின் படமும் ஒரே கோப்பில் சேர்கின்றன. எஸ்எஸ்டி இருக்கும் உறை ஆடிட்டரின் இரும்பு அலமாரியில், டிஎஸ்சி டோக்கன்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் திருகாணியும் அதற்குள்ளேயே.